டாலஸின் முதல் குளிர்முகப்பு: செப்டம்பர் முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஃப்ரிஸ்கோவுக்குக் குடிவந்து மூன்று மாதங்களே ஆன ஒருவர், செப்டம்பர் கடைசி வாரத்துத் திங்கட்கிழமையில் கேட்கிறார்: “பருவத்தின் முதல் கோல்ட் ஃப்ரண்ட், அதாவது குளிர்முகப்பு, இந்த வாரக் கடைசியில் வருகிறது என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கைபேசிச் செயலியில் வியாழக்கிழமைக்கு 97 டிகிரி பாரன்ஹீட், வெள்ளிக்கிழமைக்கு 82 டிகிரி, அன்றைக்கே மழைக்கு 60 சதவீதம் என்று இருக்கிறது. சனிக்கிழமை மாலை வீட்டுக் கொல்லையில் மகளின் பிறந்தநாள் விருந்து. சென்னையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். விருந்தை உள்ளே மாற்ற வேண்டுமா? அம்மாவுக்குக் குளிர்க் கோட்டு வாங்க வேண்டுமா? இந்த முன்னறிவிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?”

கோட்டு வேண்டாம், ஒரு சால்வை போதும். விருந்தை இன்றைக்கே மாற்றவும் வேண்டாம். புதன்கிழமை மாலை வரை பொறுத்திருந்து முடிவெடுங்கள். நம்பிக்கையைப் பொறுத்தவரை, முன்னறிவிப்பின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. முதல் குளிர்முகப்பின் விஷயத்தில், காற்று வடக்குக்குத் திரும்பும் என்பதை ஓரளவு நன்றாகவே நம்பலாம். எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைப் பாதிதான் நம்பலாம். உங்கள் வீட்டுக் கூரையின் மேல் மழை பெய்யுமா என்பதை நான்கு நாள் முன்கூட்டி நம்பவே கூடாது. செயலி இவை மூன்றையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு காட்டுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குக் குளிர்முகப்பு என்பது பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்ததே தவிர, வாசலில் வந்து நின்றதில்லை. நம் ஊரில் மழை வந்தால் குளிரும், மழை விட்டால் புழுங்கும். இங்கே நடப்பது வேறு. வடக்கே கனடாவின் சமவெளிகளில் தங்கிக் குளிர்ந்த, உலர்ந்த காற்றுத்திரள் ஒன்று தெற்கு நோக்கி நகர்ந்து, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வந்திருக்கும் வெப்பமான ஈரக்காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. குளிர்ந்த காற்று கனமானது; எனவே தரையோடு தரையாக, ஆப்பு நுழைவதுபோல அடியில் புகுந்து வெப்பக் காற்றை மேலே தூக்கிவிடுகிறது. இந்த இரண்டு காற்றுத்திரள்களும் சந்திக்கும் எல்லைக்குத்தான் முகப்பு என்று பெயர். 1919இல் நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற இளைஞர் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கருத்துக்கு அடித்தளம். முதல் உலகப் போர் முடிந்திருந்த நேரம் என்பதால், இரு படைகள் மோதும் எல்லைக்கு வழங்கிய சொல்லையே காற்றின் எல்லைக்கும் சூட்டினார்கள். அந்த வரலாற்றை நினைத்தால் ‘போர்முனை’ என்பதுபோலக் ‘குளிர்முனை’ என்று மொழிபெயர்த்திருக்கலாமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

கோடைக்காலம் முழுக்க இந்த முகப்புகள் டாலஸை எட்டுவது அரிது. அவற்றைத் தெற்கே தள்ளுகிற உயர்மட்ட ஜெட் காற்றோட்டம் அப்போது கனடா எல்லையை ஒட்டி வடக்கே ஒதுங்கியிருக்கும்; டெக்சஸின் மேல் உயர் அழுத்தம் குடைவிரித்து உட்கார்ந்திருக்கும். செப்டம்பரில் பகல் மேலும் குறைந்ததும் வடக்கு வேகமாகக் குளிர்கிறது, ஜெட் காற்றோட்டம் கீழே இறங்குகிறது, அதில் உண்டாகும் ஒவ்வொரு வளைவும் ஒரு முகப்பைத் தெற்கே அனுப்பிப் பார்க்கிறது. முதல் ஓரிரண்டு, வடக்கே உள்ள ஓக்லஹோமா மாநிலத்தோடு சோர்ந்துவிடுவதும் உண்டு. ஒன்று மாநில எல்லையான ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டி முழுமையாக வந்துவிட்டால் ஊரே கொண்டாடுகிறது. தொலைக்காட்சிக்காரர்களின் உற்சாகத்துக்குக் காரணம் இதுதான். மூன்று மாதம் நூறு டிகிரியில் வெந்தவர்களுக்கு 82 என்பதே பெரிய செய்தி.

ஆனால் அந்த 82 என்ற எண்ணைப் பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. 82 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 28 செல்சியஸ். சென்னையில் மார்கழி மாதத்துப் பகல்கூட அவ்வளவு இருக்கும். இதற்கா குளிர்முகப்பு என்று பெயர் என்று அம்மா கேட்டால் நியாயம்தான். பருவத்தின் முதல் முகப்பு முதன்மையாக மாற்றுவது வெப்பநிலையை அல்ல, காற்றின் ஈரத்தை. எனவே நீங்கள் பார்க்க வேண்டிய எண் பனிப்புள்ளி, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் இது 23 முதல் 26 செல்சியஸ் வரை நிற்கும். வியர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக்கொள்வது அதனால்தான். முகப்புக்கு முந்தைய நாளில் டாலஸின் பனிப்புள்ளி 70 பாரன்ஹீட்டை, அதாவது 21 செல்சியஸை ஒட்டி இருக்கும். முகப்பு கடந்த மறுநாள் அது 50க்கு, சில முறை அதற்கும் கீழே, இறங்கிவிடும். காற்றிலிருந்த ஈரத்தில் பாதி ஒரே இரவில் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 82 டிகிரி வெயிலில் நின்றாலும் வியர்வை உடனே உலர்ந்துவிடும். நிழலுக்குள் கால் வைத்தவுடன் சிலுசிலுக்கும். பெரும்பாலான செயலிகளில் பனிப்புள்ளி உண்டு. இரண்டாம் பக்கத்தில் எங்காவது ஒளித்துவைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு நேராக அது 55க்குக் கீழே இருந்தால் முகப்பு உண்மையாகவே வருகிறது என்று பொருள். வெப்பநிலை மட்டும் குறைந்து பனிப்புள்ளி 68இலேயே நின்றால், வருவது முகப்பின் குளிரல்ல, மேகமூட்டத்தின் நிழல்.

வியாழக்கிழமைக்கு 97 என்று இருப்பதைப் பார்த்து, குளிர் வருவதற்கு முந்தைய நாள் இவ்வளவு சூடா, செயலி தவறாகக் காட்டுகிறதோ என்று ஐயப்பட வேண்டாம். முகப்பு நெருங்கும்போது அதன் முன்னால் காற்றழுத்தம் குறைந்து, தெற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று தென்மேற்காகத் திரும்பும். தென்மேற்கிலும் மேற்கிலும் இருப்பது மேட்டு நிலம். லபக் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 990 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டாலஸ் விமான நிலையமோ 190 மீட்டருக்கும் குறைவு. மேலிருந்து இறங்கும் உலர்காற்று, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 செல்சியஸ் சூடாகும். ஆகவே முகப்பின் வாசலில்தான் பருவத்தின் கடைசி உக்கிரம் அடிக்கடி நிகழ்கிறது. 2020 செப்டம்பரில் கொலராடோவின் டென்வர் இதன் உச்சத்தைக் காட்டியது: 5ஆம் தேதி 101 டிகிரி, செப்டம்பர் மாதத்துக்கே அங்கு அதுவரை பதிவாகாத வெப்பம், 7ஆம் தேதி 93, 8ஆம் தேதி பனிப்பொழிவு. டாலஸ் செப்டம்பரில் அப்படியெல்லாம் விளையாடாது, பயப்பட வேண்டாம். சமவெளியில் அத்தகைய பாய்ச்சலுக்கு இலையுதிர்காலத்தின் பிற்பகுதி வரவேண்டும். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் ஒரே நாளில் 83 டிகிரியும் 17 டிகிரியும் பதிவாயின, அந்தத் தேதிக்குரிய உச்சமும் நீசமும் இன்றும் அவையே. இத்தகைய முகப்புகளைத்தான் டெக்சஸ்காரர்கள் ‘ப்ளூ நார்தர்’ என்று அழைக்கிறார்கள்.

இனி அந்த 60 சதவீதம். தேசிய வானிலை சேவை வெளியிடும் மழை வாய்ப்பு என்பது, குறிப்பிட்ட நேரத்துக்குள், வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், உங்கள் இடத்தில் 0.01 அங்குலமாவது மழை அளவியில் விழுவதற்கான வாய்ப்பு. மில்லிமீட்டரில் இது வெறும் கால் மில்லிமீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளை மழை நாள் என்று கணக்கில் எடுக்க 2.5 மில்லிமீட்டர் பெய்ய வேண்டும், அதாவது பத்து மடங்கு. நாம் ‘மழை’ என்று மனத்தில் வைத்திருப்பதும் இங்கே 60 சதவீதம் என்று சொல்லப்படுவதும் ஒன்றல்ல. அந்த 60, நாளில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றும் சொல்லவில்லை, கனமாகப் பெய்யும் என்றும் சொல்லவில்லை. நாலு தூறல் விழுந்து தார்ச்சாலை நனைந்தால்கூட முன்னறிவிப்பு பலித்தது என்றே கணக்கு.

மழை உண்மையில் எப்போது, எவ்வளவு என்பது முகப்பு கடக்கும் நேரத்தைப் பொறுத்தது. மாலை நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே வந்தால், பகல் முழுக்கச் சூடேறிய தரைக்காற்று மேலெழத் துடித்துக்கொண்டிருக்கும். முகப்பு ஒரு நெம்புகோல்போல அதைத் தூக்கிவிட, இடிமழை வரிசையாக வெடித்துக் கிளம்பும். காலை ஆறு மணிக்கு வந்தால், அதே முகப்பு மேகமும் காற்றுமாகக் கடந்து போய்விடலாம். சில மணி நேர வித்தியாசத்தில் மழையின் தலையெழுத்தே மாறுகிறது. ஆனால் நான்கு நாள் முன்பு முகப்பின் நேரத்தை ஆறு மணி நேரத் துல்லியத்தில் சொல்ல எந்தக் கணினி வானிலை மாடலாலும் இயலாது. மழை வாய்ப்பை நம்பக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

இதைவிட நான் கவனமாகப் பார்ப்பது வேறொன்று: முகப்பு நின்றுவிடுமா என்பது. செப்டம்பரில் குளிர்க்காற்றின் ஆழம் குறைவு. ஜெட் காற்றோட்டத்தின் வளைவு வடகிழக்கே விலகிப் போய்விட்டால், பின்னாலிருந்து தள்ள ஆளில்லாமல் முகப்பு டாலஸுக்கும் அதற்குத் தெற்கே உள்ள வேக்கோவுக்கும் இடையில் எங்காவது உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த முகப்பின் மேல் வளைகுடா ஈரம் இடைவிடாமல் ஏறினால் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். 2022 ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் நடந்தது இதுவே: நின்றுபோன ஒரு முகப்பு, விமான நிலையத்தில் மட்டும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் மழையைக் கொட்டி, சாலைகளை ஆறாக்கியது. எனவே உங்கள் சனிக்கிழமை விருந்துக்கு ஆபத்து முகப்பு வருவதால் அல்ல, வந்தது போகாமல் நிற்பதால்தான் ஏற்படும். முகப்பு சுத்தமாகக் கடந்து மத்திய டெக்சஸைத் தாண்டிவிட்டால், உயர் அழுத்தம் பின்னால் வந்து உட்கார, சனிக்கிழமை மாலை துடைத்துவிட்ட வானம்தான்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது; உள்ளூர்க்காரர்களிலேயே பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. தேசிய வானிலை சேவையின் 122 அலுவலகங்களில் ஒன்று ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறது. ஃப்ரிஸ்கோ அதன் எல்லைக்குள் வருகிறது. அங்குள்ள முன்னறிவிப்பாளர்கள் நாளுக்குக் குறைந்தது இருமுறை, தாங்கள் எண்களை ஏன் அப்படிப் போட்டோம் என்பதை உரைநடையில் எழுதி வெளியிடுகிறார்கள். செயலியில் 60 என்று இருப்பதன் பின்னால் உள்ள தயக்கம் முழுவதும் அங்கேதான் கிடைக்கும்: “அமெரிக்க மாடல் முகப்பை வெள்ளி காலை கொண்டுவருகிறது, ஐரோப்பிய மாடல் இரவு வரை தாமதிக்கிறது, நாங்கள் நடுவில் நிற்கிறோம்” என்கிற தொனியில் இருக்கும். முகப்பு கடப்பதை அவர்கள் சுருக்கமாக ‘ஃப்ரோபா’ என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள நேரம் அடுத்தடுத்த குறிப்புகளில் முன்னும் பின்னும் ஆடுகிறதா, ஓரிடத்தில் நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்துவிட்டால் நம்பலாம்.

மாடல்கள் ஏன் இப்படி முரண்படுகின்றன என்பதற்கு நீண்ட விளக்கம் உண்டு. இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். டாலஸ் நேரப்படி இப்பருவத்தில் காலை ஏழு மணியையும் மாலை ஏழு மணியையும் ஒட்டி உலகெங்கும் வானிலை பலூன்கள் ஏறுகின்றன. அவற்றின் அளவுகளும் செயற்கைக்கோள், விமானத் தரவுகளும் சேர்ந்துதான் கணக்கின் தொடக்கப்புள்ளி. அந்தத் தொடக்கத்தில் உள்ள சிறு பிழை, நாள்கள் செல்லச்செல்லப் பெருகும். அதனால்தான் ஐரோப்பிய மையம் தொடக்கத்தைச் சற்றுச் சற்று மாற்றி 51 முறையும், அமெரிக்க மையம் 31 முறையும் ஒரே முன்னறிவிப்பை ஓட்டிப் பார்க்கின்றன. 51இல் 45 ஓட்டங்கள் வெள்ளி இரவுக்குள் முகப்பை டாலஸுக்குத் தெற்கே தள்ளிவிட்டால் அது வலுவான செய்தி. 30 ஓட்டங்கள் தள்ளி, 21 ஓட்டங்கள் நிறுத்தி வைத்தால், எந்தச் செயலி எந்த எண்ணைக் காட்டினாலும் உண்மையான பதில் ‘இன்னும் தெரியவில்லை’ என்பதுதான். மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு மணி நேரமும் ஓடும் துல்லியமான மாடல் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதன் பார்வை அதிகபட்சம் இரண்டு நாள். புதன்கிழமை மாலை வரை பொறுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: வெள்ளிக்கிழமை மாலை அப்போதுதான் அதன் கண்ணுக்குள் வரும்.

வியாழன் இரவிலிருந்து மாடல்களை விட்டுவிட்டு நேரடியாக முகப்பையே பார்க்கலாம். ஓக்லஹோமா மாநிலம் தன் 77 கவுண்டிகளிலும் குறைந்தது ஒன்று வீதம் சுமார் 120 தானியங்கி வானிலை நிலையங்களை வைத்து, 1994 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளை வெளியிடுகிறது. அந்த வரைபடத்தில் முகப்பு ஒரு கோடுபோலத் தெரியும்: கோட்டுக்குத் தெற்கே அம்புகளெல்லாம் வடக்கு நோக்கியும் பனிப்புள்ளி 70இலும், கோட்டுக்கு வடக்கே அம்புகள் தெற்கு நோக்கித் திரும்பிப் பனிப்புள்ளி 50களிலும் இருக்கும். ஓக்லஹோமா சிட்டியிலிருந்து டாலஸ் சாலை வழியே ஏறக்குறைய 200 மைல். முகப்பு மணிக்கு 25 மைல் வேகத்தில் வந்தால் எட்டு மணி நேரம். கணக்கு அவ்வளவு எளிது. மாடலைவிட இந்தக் கணக்கு பல முறை சரியாக வந்திருக்கிறது.

கடக்கும் தருணம் கண்ணால் பார்க்கத் தகுந்தது. டாலஸ் விமான நிலையத்தின் அறிக்கை ஒவ்வொரு மணிக்கும் 53ஆவது நிமிடத்தில் வெளிவரும். ஒரு மணியில் காற்றின் திசை 190 (தெற்கு) என்றும் வெப்பம் 88 என்றும் இருக்கும். அடுத்த மணியில் திசை 350 (வடக்கு), வெப்பம் 79, வீச்சு மணிக்கு 30 மைல், அதுவரை சரிந்துகொண்டிருந்த காற்றழுத்தம் மளமளவென்று ஏறத் தொடங்கியிருக்கும். மழையே இல்லாத முகப்பாக இருந்தாலும் ரேடாரில் மெல்லிய நூல்போல ஒரு கோடு தெற்கே நகர்வது தெரியும். அது மழையல்ல, முகப்பின் விளிம்பில் குவிந்து எழும் பூச்சிகளும் தூசியும். வாசலில் நின்றால் முதலில் ஓக் மரத்தின் இலைகள் ஒரு கணம் அசைவற்று நிற்கும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வீச்சு வந்து குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து அடிக்கும். மறுநாள் அதே வடகாற்றில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோவை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அவை டெக்சஸைக் கடக்கும் காலம். அதே காற்று ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதால், அம்மாவுக்குத் தும்மல் வந்தால் குளிரால் சளி பிடித்துவிட்டது என்று உடனே நினைத்துவிடாதீர்கள்.

இனி விருந்துக்கு வருவோம். புதன்கிழமை மாலைக் குறிப்பில் ஃப்ரோபா வெள்ளிக்கிழமைக்குள் என்று நிலைத்திருந்து, முகப்பு நின்றுபோகும் பேச்சு இல்லாமலிருந்தால், கொல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டால்’ (நின்றுபோதல்) என்ற சொல் அதில் தென்பட்டால் மட்டும் உள்ளே ஒரு மாற்று ஏற்பாடு இருக்கட்டும். சனிக்கிழமை நான்கு மணிக்கு வெயில் 83இல் இருக்கும்; குழந்தைகள் ஓடியாட அதைவிட நல்ல நாள் இந்த ஊரில் கிடைக்காது. ஆனால் வாரக் கடைசியில் சூரியன் ஏழேகாலை ஒட்டி மறைந்ததும் நிலைமை மாறும். ஈரமான காற்று பகலின் சூட்டைப் போர்வைபோலப் பிடித்துவைக்கும். உலர்ந்த காற்றுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. காற்றும் அடங்கி வானமும் தெளிந்திருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து டிகிரி இறங்கிவிடும். முகப்பு கடந்த முதல் இரவைவிட இரண்டாம் இரவு கூடுதலாகக் குளிர்வதும் இதனால்தான். முதல் இரவில் வீசும் காற்று தரைமட்டக் குளிரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், இரண்டாம் இரவில் கலக்க எதுவும் இராது. ஞாயிறு விடியலில் டாலஸ் நகர மையம் 60க்கு மேலேயே நிற்க, கட்டடங்கள் குறைந்த உங்கள் வடபுறத்தில் 55ஐ, அதாவது 13 செல்சியஸை, ஒட்டி இறங்கலாம்.

கேக் வெட்டுவதை ஆறரைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் அம்மாவின் நாற்காலியைச் சுவரோரம், மேற்கு வெயில் பட்ட செங்கல்லின் பக்கம் போடுங்கள். எட்டு மணி வரை அந்தச் சுவர் சூடாகவே இருக்கும்.